கால்விரலும் கண்பார்வையும்

உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் ஓடுகிறது; அது தடைப்பட்டால் நோய் வரும்; ஊசி குத்தினால் தடை நீங்கும். இது சீன மருத்துவத்தின் தொன்மையான கொள்கை. இதை மூளைப் படத்தில் காண முடியுமா?

முடியும் என்றனர், 1998-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜாங்-ஹீ சோ குழுவினர். கால் சுண்டுவிரலின் ஓரத்தில், கண்ணுக்குரியதாகச் சீனர் கருதும் புள்ளியில் குத்தியபோது, மூளையின் பார்வைப் பகுதி கிளர்ச்சியுற்றதாம்! எழுத்தறியாத என் தாய் இதைக் கேட்டால், "வேறு இடத்தில் குத்திப் பார்த்தார்களா?" என்பாள். பார்த்தார்கள்; சில சென்டிமீட்டர் தள்ளிக் குத்தியபோது கிளர்ச்சி இல்லை என்றே எழுதினர்.

பௌதிகம் பயிலும் எனக்குக் கருவியின் மீதுதான் கண். எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி உயிராற்றலைப் படமெடுப்பதில்லை. ஏன், நரம்பின் மின்துடிப்பைக்கூட நேரே அளப்பதில்லை. பிராணவாயு ஏற்ற ஹீமோகுளோபினும் அதை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. 1990-இல் செய்ஜி ஒகாவா எடுத்துக்காட்டிய அந்த வேற்றுமையே படமாகிறது. குத்தும் வலியும், குணமாகும் என்ற எதிர்பார்ப்புங்கூட மூளையின் இரத்த ஓட்டத்தை மாற்றுமே!

2006-இல் சோ குழுவினர் தம் பழைய முடிவை இனி ஏற்பதற்கில்லை என்று அதே இதழில் அறிவித்தனர். வலி தணிவதற்குக் குறிப்பிட்ட புள்ளிதான் வேண்டும் என்பதில்லை என்றனர். முதல் கட்டுரையைவிட இந்தச் சிறு அறிவிப்பே எனக்கு மிகவும் பிடித்தது.