திருப்பூரிலிருந்து ஊட்டிக்குக் குடிபோகும் தம்பதியருக்கு

தோட்டம் போட்டு, பொழுதெல்லாம் வெளியிலேயே இருக்க ஊட்டிப் பக்கம் குடிபோகிறீர்களா? உயரம் சுமார் 2,240 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்.

கிளம்பும் முன் காதர்பேட்டையில் ஆளுக்கு இரண்டு ஃபிலீஸ் சட்டை வாங்கிவிடுங்கள். உள்ளே போடும் பனியன் காட்டனாக இருக்க வேண்டாம். மண்வெட்டி பிடித்து வியர்த்தால் ஈரம் லேசில் காயாது, வேலையை நிறுத்தியதும் குளிர் ஏறும். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். காட்டனிலேயே வளர்ந்த நமக்கு மனசு வராதுதான். மாற்றித்தான் ஆக வேண்டும்.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக குக்கர் கட்டாயம்.

குளிருக்காகக் கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைக் குடிக்கும்.

வாடகை வீட்டை ஜனவரியில் இருவரும் சேர்ந்து போய்ப் பாருங்கள், காலை வெயில் உள்ளே விழுகிறதா என்று.