மோதலுக்குப் பின் எது மிஞ்சும்?

பதினோராம் வகுப்பில் மோதல்கள் பகுதியை நடத்தி முடித்ததும், “இரண்டு பொருள்கள் மோதி ஒட்டிக்கொண்டால் உந்தம் என்ன ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். “குறையும்” என்ற பதில் பல குரல்களில் வரும். இயக்க ஆற்றல் குறைகிறது என்று படித்தவர்கள், உந்தத்தையும் அதனுடன் சேர்த்துக்கொள்கிறார்கள். பாடம் மீட்சி மோதலில் தொடங்குவதும் இதற்கு ஒரு காரணம். அங்கே இரண்டுமே மாறுவதில்லை. ஆகவே இரண்டும் ஒன்றுபோல மனத்தில் பதிகின்றன. மீட்சியற்ற மோதலை முதலில் காட்டிவிட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. போரிக் பவுடர் தூவிய ஒரு கேரம் பலகை, ஒரே எடையுள்ள இரண்டு காய்கள், இருபுறமும் ஒட்டும் டேப், ஸ்கேல் போதும். வழவழப்பான அட்டையைப் புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்து, அதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே காயை வழுக்கிவிட வேண்டும். அப்போதுதான் வேகம் மாறாது. விரலால் சுண்டினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேகம் வரும்.

முதலில் மோதல் இல்லாமல் விடுங்கள். அட்டையின் அடியிலிருந்து காய் 40 செ.மீ. ஓடி நிற்பதாகக் கொள்வோம். அடுத்து, இரண்டாவது காயின் ஓரத்தில் டேப் ஒட்டி (டேப் பலகையில் உரசக் கூடாது) அட்டையின் அடியில் வைத்து மோதவிடுங்கள். ஒட்டிக்கொண்ட காய்கள் ஏறக்குறைய 10 செ.மீ. ஓடி நிற்கும். “பாதிதானே, 20 வர வேண்டாமா?” என்று ஒரு மாணவராவது கேட்பார். பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

உராய்வால் நிற்கும் பொருள் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்த்தகவில் இருக்கும். தூரம் கால் பங்கு என்றால் வேகம் பாதி. நிறை இரண்டு மடங்கு, வேகம் பாதி, உந்தம் மாறவில்லை. இயக்க ஆற்றலோ சரிபாதி. டேப்புக்குப் பதில் மெழுகோ களிமண்ணோ வைத்தாலும், காய்கள் ஒட்டிக்கொள்ளும்வரை அதே பாதிதான் எஞ்சும். உந்தம் மாறக் கூடாது என்ற நிபந்தனையே இழப்பின் அளவைத் தீர்மானித்துவிடுகிறது.

இப்போது டேப்பை எடுத்துவிட்டு நேருக்கு நேர் மோதவிடுங்கள். முதல் காய் ஏறக்குறைய நின்றுவிடும், இரண்டாவது ஓடும். ஆனால் அது முழு 40 செ.மீ. ஓடாது. 32.4 செ.மீ. ஓடினால், முதல் காய் 0.4 செ.மீ. நகர்ந்திருக்க வேண்டும். 40-இன் வர்க்கமூலம் 6.32, மற்ற இரண்டின் வர்க்கமூலங்கள் 5.69, 0.63. கூட்டினால் அதே 6.32. காய்கள் ஒரே எடை என்பதால் வர்க்கமூலங்களின் கூடுதல் உந்தத்தையும், தூரங்களின் கூடுதல் இயக்க ஆற்றலையும் குறிக்கும். 40 என்பது 32.8 ஆகிவிட்டதே, மீதி எங்கே? காய்கள் மோதும்போது கேட்ட ‘டக்’ ஒலியில் கொஞ்சம், வெப்பமாகக் கொஞ்சம். முழுமையான மீட்சி மோதல் கேரம் பலகையில் கிடைக்காது என்பதை மாணவரே சொல்லிவிடுவார். நம் வகுப்பறை அளவீடு இவ்வளவு துல்லியமாக வராது. மூன்று நான்கு முறை செய்து சராசரி எடுக்கலாம்.

உச்சிப்புளி, மண்டபம் பகுதிப் பிள்ளைகளிடம் அடுத்த கேள்விக்குப் பாம்பனே போதும். 2013 ஜனவரியில் கடற்படையின் மிதவைக் கப்பல் ஒன்று பாம்பன் ரயில் பாலத்தில் மோதித் தூண் சேதமடைந்தது. கப்பல் நின்றுவிட்டது, பாலமும் நகரவில்லை. உந்தம் எங்கே போனது? 500 டன் கலம் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வந்ததாக வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். 62,500 ஜூல் இயக்க ஆற்றல் தூணை உடைப்பதிலும் இரும்பை நசுக்குவதிலும் செலவாகிறது. 2,50,000 கிலோகிராம் மீட்டர்/வினாடி உந்தம் தூண் வழியாகப் பூமிக்குப் போகிறது. அதைப் பூமியின் நிறையால் வகுத்து, பூமி பெற்ற வேகத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை சுழியங்கள் என்று எண்ணுவதற்குள் மணி அடித்துவிடும்.