வாடகை வீட்டின் பழுதும் சட்டம் காட்டும் வழிகளும்

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லைப்புறச் சிற்றூர்களுள் ஒன்று பெருங்கடவிளை. ஜூனில் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் பெறும் பகுதி இது. ஓட்டுக் கூரையின் கைமரம் உளுத்து, சுவரினுள் நீர் இறங்கத் தொடங்கினால், அது குடியிருப்போரின் உயிர்ப் பாதுகாப்பையே பாதிக்கும். வீட்டு உரிமையாளர் இதனைக் கவனிக்கத் தவறினால் வாடகைதாரர் செய்யக்கூடியவை யாவை?

பொதுச் சட்டம்

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு இதற்கு அடிப்படையாகும். உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதுகளை, அறிவிப்புக்குப் பின் நியாயமான காலத்திற்குள் அவர் செய்யாவிடில், வாடகைதாரரே அவற்றைச் செய்து, செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக் கொள்ளலாம். 'கடமைப்பட்ட' என்னும் சொல் இங்கு இன்றியமையாதது. இப்பிரிவு அக்கடமையைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஆகவே, கூரை, சுவர், மின்கம்பி ஆகியவற்றின் பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொள்வது நலம். தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் வீட்டின் முக்கிய பகுதி நிரந்தரமாகப் பயன்படாமற் போனால், ஒப்பந்தத்தை முடித்துக் கொள்ளவும் வாடகைதாரருக்கு உரிமையுண்டு. சேதம் அவரது தவறான செயலால் நேர்ந்திருத்தல் கூடாது.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்

1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் இதனினும் தெளிவான வழியைத் தருகிறது. அதன் 17-ஆம் பிரிவின்படி, அறிவிப்புக்குப் பின்னும் பழுது நீக்கப்படாவிடில், 'அக்கமடேஷன் கன்ட்ரோலர்' எனப்படும் அதிகாரியிடம் வாடகைதாரர் விண்ணப்பிக்கலாம். பழுதை வாடகைதாரரே நீக்கிச் செலவை வாடகையில் கழித்துக் கொள்ள அவ்வதிகாரி ஆணையிடலாம். ஆனால் இச்சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பகுதிகளுக்கே பொருந்தும். எனவே, தம் ஊருக்கு இச்சட்டம் பொருந்துகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வீட்டை இடித்துக் கட்ட வேண்டுமென உரிமையாளர் வழக்குத் தொடுத்து வெளியேற்றினாலும், புதிய கட்டடத்தில் நியாய வாடகைக்குக் குடியேறும் முதல் உரிமை முன்னைய வாடகைதாரருக்கே உண்டு.

களியக்காவிளையைத் தாண்டினால் சட்டம் வேறு. தமிழகத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டட அமைப்புச் சார்ந்த பழுதுகளை உரிமையாளரின் பொறுப்பாக அது வெளிப்படையாகவே வகுத்துள்ளது.

தவிர்க்க வேண்டிய தவறு

பழுதைக் காரணம் காட்டி வாடகையைத் தாமாகவே நிறுத்துவது பெருந்தவறாகும். கேரளச் சட்டப்படி, பாக்கி குறித்த பதிவு அஞ்சல் அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் வட்டியுடன் செலுத்தாவிடில், உரிமையாளர் வெளியேற்ற வழக்குத் தொடரலாம். நியாயம் தம் பக்கம் இருந்தும் வீட்டை இழக்கும் நிலை இதனால் நேரக்கூடும்.

ஆகவே, பின்வரும் முறையைக் கையாளுதல் பயன் தரும். பழுதின் விவரத்தையும் கால வரம்பையும் குறிப்பிட்டுப் பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். நிழற்படம், செலவு மதிப்பீடு, வாடகைச் சீட்டு ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். வாடகையைத் தவறாது செலுத்திக் கொண்டே விண்ணப்பிக்க வேண்டும். வீடு இடியும் நிலையில் இருப்பின், அண்டை அயலாரின் பாதுகாப்பையும் கருதி, ஊராட்சிச் செயலாளருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும்.

வழக்குச் செலவுக்கு அஞ்சி எவரும் ஒதுங்கத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணையங்கள் சட்டப்படி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருவாயினர் ஆகியோர் வட்டச் சட்டப்பணிக் குழுவின் வாயிலாக இலவச உதவி பெறலாம். இச்செய்தியை மழைக்கு முன்னரே மக்களிடம் கொண்டு சேர்ப்பது ஊராட்சி அலுவலர்களின் பணியாதல் வேண்டும்.