கோதாரி முதல் சலரோகம் வரை

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் கோபத்தோடு ஒருவரை ஏசும்போது "கோதாரி விழுவான்" என்றும் "கொள்ளையிலை போவான்" என்றும் சொல்வதுண்டு. இன்று அவ்வாறு ஏசுவோரில் பலர் அதன் பொருளை அறியார். கோதாரி என்பது வாந்திபேதி நோய். கொள்ளை என்பது ஊரையே வாரிக்கொண்டு போகும் தொற்றுநோய். ஒரு காலத்தில் மனிதர் எவற்றுக்கு அஞ்சி வாழ்ந்தனர் என்பதற்கு இச்சொற்களே சாட்சி. இன்றோ சலரோகம், பிரஷர், மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய் என்பனவே வீடுதோறும் பேசப்படுகின்றன.

நோய்கள் இவ்வாறு காலத்துக்குக் காலம் மாறுவதை 1971 ஆம் ஆண்டில் அப்தெல் ஓம்ரான் என்னும் அறிஞர் மூன்று கட்டங்களாக வகுத்துக் காட்டினார். முதலாவது, கொள்ளைநோயும் பஞ்சமும் மலிந்திருந்த காலம். இரண்டாவது, அவை படிப்படியாகப் பின்வாங்கிய காலம். மூன்றாவது, வாழும் முறையோடு தொடர்புடைய நீண்டகால நோய்களின் காலம். மேலைநாடுகள் இவற்றைக் கடக்க நூறாண்டுகளுக்கு மேல் எடுத்தன. இலங்கையில் 1930களில் பிறந்து நீண்ட ஆயுளோடு வாழ்ந்த ஒருவரோ இம்மூன்றையும் தமது வாழ்நாளிலேயே கண்டிருப்பார்.

முதலில் பெரியம்மையை நோக்குவோம். இந்நோயை அம்பாளின் வருகையாகக் கருதிய முன்னோர் வாசலில் வேப்பிலை கட்டினர். வேற்றார் அவ்வீட்டினுள் செல்வதில்லை. பக்தியினால் எழுந்த இவ்வழக்கம் நோயாளியை ஒதுக்கிவைத்து மற்றையோரைக் காக்கும் பயனையும் தந்தது. ஆயினும் நோயை அடியோடு ஒழித்தது தடுப்பூசியே. 1796 இல் இங்கிலாந்தில் எட்வேட் ஜென்னர் கண்டறிந்த முறை 1802 அளவில் இலங்கைக்கும் வந்தது. இயற்கையாகத் தொற்றிய இறுதி நோயாளி 1977 இல் சோமாலியாவில் காணப்பட்டார். 1980 இல் உலக சுகாதார ஸ்தாபனம் பெரியம்மை ஒழிந்ததென அறிவித்தது.

வாந்திபேதி 1817 இல் வங்காளத்திலிருந்து பரவத் தொடங்கிக் கப்பல் வழியே பல நாடுகளையும் அடைந்தது. கெட்ட காற்றினால் வருவதென்றே அக்காலத்தில் பலர் நம்பினர். 1854 இல் லண்டனில் ஜோன் ஸ்நோ என்னும் வைத்தியர், நோயுற்றோர் பெரும்பாலும் ஒரே தெருப் பம்பியில் தண்ணீர் எடுத்தவர்கள் என்பதைக் கண்டு அதன் கைபிடியைக் கழற்றுவித்தார். மலக்கழிவு கலந்த நீரே காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. மலசலகூடமும், கட்டுக்கிணறும், கொதித்தாறிய நீரும் பெருகிய இடங்களிலிருந்து கோதாரி விலகிற்று.

மலேரியாவின் கதை இன்னும் ஆழ்ந்த பாடம் தருவது. 1934 இல் மழை பொய்த்தது. இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் ஓடிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகியது. முன்னர் அந்நோயை அதிகம் அறியாத மக்களுக்கு எதிர்ப்புச் சக்தியும் இருக்கவில்லை. 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

1946 முதல் வீடுகளுக்கு டி.டி.ரி. மருந்து விசிறப்பட்டது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா காணப்பட்டது. நோய் ஒழிந்ததென எண்ணி மருந்து விசிறுவது நிறுத்தப்பட்டது. இரத்தப் பரிசோதனையும் தளர்ந்தது. 1969 இல் மாத்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தனர். ஆறே ஆண்டுகளில் 17 பேர் ஐந்து இலட்சமாயினர்!

அதன் பின் பல்லாண்டு உழைப்பினாலேயே 2012 இல் உள்நாட்டுத் தொற்று முடிவுக்கு வந்தது. 2016 இல் மலேரியா அற்ற நாடென்ற சான்று இலங்கைக்குக் கிடைத்தது. அதே காலத்தில், கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகக்கூடிய புதிய மலேரியா நுளம்பு இனமொன்று மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. எதிரி வாசலில் நிற்கையில் காவலாளி உறங்கலாகாது.

இன்று இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் ஏறத்தாழ எட்டுக்குத் தொற்றாத நோய்களே காரணம். 1946 அளவில் 43 வயதாக இருந்த சராசரி ஆயுள் இப்போது 75ஐத் தாண்டியுள்ளது. முதுமை கூடும்போது இந்நோய்களும் கூடுவது இயல்பு. எனினும் எல்லாவற்றையும் வயதின் மேல் சுமத்த முடியாது. துலா மிதித்து நீரிறைத்த கால்கள் இன்று மோட்டார் சைக்கிளில் சந்திக் கடைக்குப் போகின்றன. குரக்கனும் கைக்குத்தரிசியும் இருந்த இடத்தில் தீட்டிய அரிசியும், கோதுமை மாவும், சீனியும் அமர்ந்துவிட்டன. கோதாரி ஓரிரு நாளில் தன்னைக் காட்டிவிடும். சலரோகமோ பல ஆண்டுகள் ஓசையின்றி இருந்து கண்ணையும், சிறுநீரகத்தையும், காலையும் கெடுத்துவிடும்.

பழைய நோய்களும் புதிய உருவில் வருகின்றன. 2017 இல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் டெங்குவினால் பாதிக்கப்பட்டனர். இந்நுளம்புக்கு ஒரு சிரட்டை நீரே போதும்.

எனவே திருவிழாக் காலத்தில் சிதறுதேங்காயின் சிரட்டைகளை அன்றன்றே அகற்றுவதும், மடத்துக் கிணற்றையும் நீர்த்தொட்டியையும் மூடி வைப்பதும் கோயிற் தொண்டேயாகும். தண்ணீர்ப்பந்தலில் சர்பத்தோடு மோரும் வைக்கலாம். சர்க்கரைப் புக்கையைப் பிரசாதமாக ஒரு பிடி உண்டால் போதும். திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். வேப்பிலை கட்டிய வாசலை மதித்து விலகி நின்ற முன்னோரின் கட்டுப்பாடு, இன்று உண்ணும் தட்டிலும் நடக்கும் தூரத்திலும் வேண்டப்படுகின்றது. நாற்பது வயதைத் தாண்டியோர் நோய் தெரியும்வரை காத்திராது அரசாங்க வைத்தியசாலையில் இரத்தச் சீனியையும் பிரஷரையும் பார்த்துக்கொள்வார்களாக.