யாருக்கு எந்த நூல்? - கிறிஸ்தவ நூல்களைத் தேர்ந்தளிப்பது பற்றிச் சில எண்ணங்கள்

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் மாணாக்கரை மூவகையாகப் பகுத்தார். அன்னமும் ஆவும் போன்றவர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடைமாணாக்கர். நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என்றும் அவரே வகுத்துரைத்தார். ஆனால், அழகு பத்தும் அமைந்த ஒரு நூல் தனக்குப் பொருந்தாத கையில் போய்ச் சேர்ந்தால் என்னவாகும்? நான்கு பக்கத்தில் மூடப்படும். மூடியவர் தம்மையே கடைமாணாக்கர் என்று எண்ணிக்கொள்வார். இல்லையேல் அந்த நூலையும் அது கூறும் பொருளையும் ஒருசேர வெறுப்பார். அங்கே குற்றம் படித்தவரிடமும் இல்லை, நூலிடமும் இல்லை. எடுத்துக் கொடுத்தவரிடம் உள்ளது.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் கிறிஸ்தவ நூல்கள் அடங்கிய ஓர் அலமாரி உண்டு. மாலை வேளைகளில் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இரண்டாண்டுகளாக என்னிடம் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் அங்கு வருகின்றனர். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தனுள், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது மற்றொன்று. சமய நூல்களைப் பொறுத்தவரை இவ்விரு விதிகளும் இன்னும் கூர்மையாகப் பொருந்துகின்றன என்பது என் கருத்து. "சிறந்த நூல் எது?" என்று கேட்பதற்கு முன், "இவர் ஏற்கெனவே எதை உடையவராய் வந்திருக்கிறார்?" என்று கேட்க வேண்டும். பாட்டா, கதையா, இலக்கியப் பயிற்சியா, ஐயமா, துயரமா என்று அறிந்தபின் நூலைத் தேடுவதே முறை. இதனைச் சில சான்றுகளால் விளக்க முயல்கிறேன்.

எங்கே தொடங்குவது?

கிறிஸ்தவ நூல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது விவிலியம். அது ஒரே கட்டில் அடங்கிய ஒரு நூலகம் ஆகும். சீர்திருத்தச் சபையார் வழக்கில் 66 நூல்களும், கத்தோலிக்கர் வழக்கில் 73 நூல்களும் அதில் உள்ளன. வரலாறு, சட்டம், பாட்டு, பழமொழி, கடிதம் என அவை பலவகைப்படும். ஆகவே, "விவிலியம் படியுங்கள்" என்று சொல்லி முழுத் தொகுதியையும் கையில் கொடுப்பது, "நூலகம் அங்கே இருக்கிறது, போங்கள்" என்று வழிகாட்டுவதைப் போன்றது.

இதற்குக் காந்தியடிகளே நல்ல சான்று. இலண்டனில் சட்டம் பயின்ற நாளில், விவிலியம் விற்றுவந்த ஒருவரிடமிருந்து அவர் ஒரு படியை வாங்கினார். முதல் நூலாகிய ஆதியாகமத்தைத் தாண்டியதும் அடுத்தடுத்த அதிகாரங்கள் தமக்கு உறக்கத்தையே தந்தன என்று தம் சுயசரிதையில் அவர் எழுதுகிறார். படித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவே விடாது படித்தாராம். புதிய ஏற்பாட்டுக்கு வந்து மலைப்பொழிவைக் கண்டதும் அது அவர் நெஞ்சில் நேரே பதிந்தது. அதைக் கீதையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நூலும் அதுவே, வாசகரும் அவரே. புகுந்த வாயில் மட்டுமே வேறு. காந்தியடிகள் பொறுமையுடையவர், விடாது படித்தார். நம்மில் பலர் அவ்வளவு பொறுமை உடையவர் அல்லர். எனவே புதிதாக வருவோர்க்கு மத்தேயு நூலின் 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்களையோ, 16 அதிகாரங்களே கொண்ட மாற்குவின் நூலையோ நான் முதலில் காட்டுகிறேன்.

செவியால் படிப்போர்

வள்ளுவர் கல்லாமையை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். எழுத்தறிவு குறைந்தோர்க்கும் முதியோர்க்கும் நூல் தேடுகையில் இந்த வைப்புமுறை எனக்கு நினைவுக்கு வரும். அவர்களிற் பலர் செவி வழியே நிரம்பக் கற்றவர்கள்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். 1871-இல் போவர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய வேதாகமமே அவர் நாவில் நிற்பது. சுவிசேஷம், சங்கீதம், இராஜ்யம் என்பனவே அவர் அறிந்த சொற்கள். கண்பார்வை மங்கிய பின், அவருடைய பேரன் அன்போடு பெரிய எழுத்துப் படி ஒன்றை வாங்கி வந்தான். அது கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம். நற்செய்தி, திருப்பாடல்கள், தொடக்கநூல் என்று நல்ல தமிழில் அமைந்தது. பாட்டி சில நாள் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் பாதி வரி வாசிக்கும்போதே மீதி வரி வாயில வந்துடும். இதுல அப்படி வரமாட்டேங்குதே." எழுத்தைப் பெரிதாக்கியது சரி, சொல்லை மாற்றியதுதான் அவர் கையிலிருந்த ஊன்றுகோலைப் பிடுங்கியது போலாயிற்று. பழைய மொழிபெயர்ப்பின் பெரிய எழுத்துப் படி கிடைத்ததும் அவர் மீண்டும் படிக்கத் தொடங்கினார். முதன்முறையாக விவிலியம் படிக்கும் கல்லூரி மாணவர்க்கோ 1995-ஆம் ஆண்டுத் தமிழே எளிது. இரண்டில் எது உயர்ந்தது என்னும் வாதம் இங்கே பயன்படாது.

சிறுவர்க்கு நல்ல சமாரியன், காணாமற்போன ஆடு முதலிய உவமைக் கதைகள் போதும். கதைக்குப் பின்னால் நீதியை நீட்டி முழக்கும் பதிப்புகளைத் தவிர்ப்பது நலம். கதை கேட்ட குழந்தை நீதியைத் தானே கண்டுகொள்ளும். மாலையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் இடமாயின், தோல்சுதோய் 1885-இல் எழுதிய செருப்புத் தைக்கும் மார்ட்டின் கதை மிகவும் ஏற்றது. கிறிஸ்துவை எதிர்பார்த்துச் சன்னலருகே காத்திருக்கும் மார்ட்டின், பனி அள்ளும் கிழவருக்குத் தேநீரும், குளிரில் வாடிய தாய்க்கு உணவும் உடையும் அளிக்கிறார். தாம் காத்திருந்தவர் அவர்கள் உருவில் வந்து போனதைப் பின்னரே உணர்கிறார். உழைத்துக் களைத்து வருவோர்க்கு இக்கதையை விளக்க வேண்டியதே இல்லை.

இலக்கியம் பயின்றோர்

ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதை ஒன்று தமிழில் இருவேறு வடிவில் வாழ்கிறது. 'மோட்சப் பிரயாணம்' என்னும் உரைநடையாகக் கிராமத்து வீடுகளிலும் அது புகுந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை, அக்கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894-இல் அளித்தார். கதை ஓட்டம் விரும்புவோர் காப்பியத்தைத் தொட்டால் கடுநடையில் இடறுவர்; கம்பராமாயணம் சுவைத்தவர் உரைநடையோடு நின்றால் பெருவிருந்தை இழப்பர். எனவே, இதற்கு முன் என்ன படித்தீர்கள் என்று கேட்டுவிட்டே இரண்டில் ஒன்றை எடுக்கிறேன்.

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி, மூன்று காண்டமும் 36 படலமும் 3,615 பாடலும் உடையது. காப்பிய மரபு அறிந்தவர் அதன் நாட்டுப் படலத்தில் புகுந்தால், யூதேயா தமிழ் மருதநிலமாய் மாறி நிற்பதைக் கண்டு வியப்பர். மரபறியாதவர்க்கு இதே படலம் பெருஞ்சுவராய்த் தோன்றும். குற்றாலக் குறவஞ்சியைப் பாடமாகப் படித்தவருக்கு, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி எளிய வாயில். குறத்தியும் குறியும் அவர் முன்பே அறிந்தவை அல்லவா?

வரலாறு பயிலும் நண்பர்க்கு வேண்டுவது வேறு. கொல்லத்தில் 1578-இல் அச்சான தம்பிரான் வணக்கமும், தரங்கம்பாடியில் 1715-இல் அச்சாகி முடிந்த சீகன்பால்குவின் புதிய ஏற்பாடும் அவருக்குச் சமய நூல்களாக மட்டும் அல்லாமல், தமிழ் எழுத்து அச்சேறிய கதையாகவும் விளங்கும்.

பிற சமயத்து நண்பர்கள்

நம் கல்லூரி போன்ற இடத்தில் இதுவே நுட்பமான பகுதி. "இதைப் படித்தால் என்னை மாற்றப் பார்க்கிறீர்களோ?" என்ற ஐயம் நண்பர் மனத்தில் எழுவது இயல்பு, அதை நாம் மதிக்க வேண்டும். 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதிய கண்ணதாசனே 'இயேசு காவிய'மும் பாடினார் என்று சொல்லி அந்நூலைக் காட்டினால், அயன்மை சற்றுக் குறையும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் தந்தவர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள், பெயருக்கேற்ப எச்சமயத்தாரும் பாடத்தக்கவை. நூல் எதைப் பற்றியது, யார் எழுதியது என்பதை மறைக்காமல் சொல்வதும், படிக்காமல் திருப்பித் தந்தாலும் முகம் கோணாமல் வாங்கிக்கொள்வதும் கொடுப்பவர் கடமை.

துயருற்றோர்

தந்தையை இழந்த நண்பர் ஒருவருக்கு, உறவினர் ஒருவர் தடித்த நூல் ஒன்றை அனுப்பினார். கடவுள் துன்பத்தை ஏன் அனுமதிக்கிறார் என்பதற்குப் பதினைந்து காரணங்கள் அதில் இருந்தன. நண்பர் மூன்றாம் காரணத்தோடு அதை மூடி, "எங்கப்பாவை ஒரு கணக்குப் போல ஆக்கிட்டாங்க" என்றார்.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் துன்பம் பற்றி இரு நூல்கள் எழுதினார். 1940-இல் வந்தது காரண காரியங்களோடு வாதிடும் நூல். 1960-இல் அவர் மனைவி மறைந்தார். அடுத்த ஆண்டு வேறொரு புனைபெயரில் வெளியிட்ட சிறுநூலில், தம் அழுகையையும் சினத்தையும் ஐயத்தையும் அப்படியே எழுதினார். எழுதியவர் ஒருவரே; முதல் நூல் சிந்திப்பவருக்கு, இரண்டாவது இழந்தவருக்கு. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் இரண்டுமே பயன் இழக்கும்.

விவிலியத்தின் யோபு நூலில், அனைத்தையும் இழந்த யோபுவிடம் வந்த நண்பர்கள் ஏழு நாள் ஏதும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். பின்பு காரணம் சொல்லத் தொடங்கினர்; துன்பமும் அங்கே மிகுந்தது. நானும் என் நண்பருக்கு முதல் மாதம் எந்த நூலையும் கொடுக்கவில்லை. பிறகு அவரே கேட்டபோது 13, 88 ஆகிய இரு சங்கீதங்களை மட்டும் குறித்துக் கொடுத்தேன். எவ்வளவு காலம் என்று இறைவனையே கேட்கும் பாடல் ஒன்று. இருளிலேயே முடியும் பாடல் மற்றொன்று. "நான் கேக்குறதை எனக்கு முன்னாடியே ஒருத்தர் கேட்டிருக்காரே" என்றார் அவர். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

முடிவுரை

கொடுப்பவர் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளலாம். முதலாவது, தமக்குப் பிடித்த நூல் என்பது பிறர்க்குப் பரிந்துரைக்கப் போதிய காரணம் ஆகாது. இரண்டாவது, நூலோடு ஒரு பக்க எண்ணையும் கொடுத்தால் வாசகர் வழி தவறமாட்டார். மூன்றாவது, ஒருவரது வறுமையையோ நோயையோ துயரத்தையோ வாய்ப்பாகக் கருதி நூலை நீட்டக் கூடாது. அப்படி நீட்டும் நூல் எவ்வளவு நல்லதாயினும் தூண்டிலாகவே தெரியும்.

இம்மூன்றும் கிறிஸ்தவ நூல்களுக்கு மட்டும் உரியன அல்ல. திருவாசகத்தையோ, சீறாப்புராணத்தையோ, குறளையோ ஒருவர் கையில் கொடுக்க விரும்பும் எவர்க்கும் இவை பொருந்தும். நம் கல்லூரி நூலகத்தின் அலமாரிகளில் தமக்குரிய வாசகரைக் காணாமல் தூசி படிந்து கிடக்கும் நூல்கள் எத்தனையோ! மாணவ நண்பர்களே, அவற்றுள் ஒன்றை எடுத்து, இதற்குரியவர் யார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். உங்கள் விடுதியில் பக்கத்து அறையிலேயே அவர் இருக்கக் கூடும்.