பழைய விடுதி கார்டுகள் சொல்லும் கதை

கார்டு என்றால் நமக்குத் தெரியும். செய்தி எழுதுவோம். முகவரி எழுதுவோம். தபால் பெட்டியில் போடுவோம். வந்த கார்டைப் படித்ததும் கம்பியில் குத்தி வைப்போம். பிறகு மறந்து விடுவோம்.

அமெரிக்காவில் சிலர் பழைய கார்டுகளைத் தேடிச் சேர்க்கிறார்கள். சாலையோர விடுதிகளின் படம் போட்ட கார்டுகள் என்றால் அவர்களுக்குத் தனி விருப்பம். ஏன்? பார்ப்போம்.

காரும் விடுதியும்

அமெரிக்கா மிகப் பெரிய நாடு. 1926-ல் அங்கே நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுத்தார்கள். 66-ஆம் எண் சாலை சிகாகோ நகரில் தொடங்கியது. மேற்குக் கடற்கரை வரை சென்றது. அதன் நீளம் சுமார் 3,900 கிலோமீட்டர்.

காரில் போனாலும் பல நாள் ஆகும். இரவில் தங்க இடம் வேண்டும் அல்லவா? அதனால் சாலையோரம் சிறு விடுதிகள் எழுந்தன. அறை வாசலிலேயே காரை நிறுத்தலாம். மோட்டார், ஹோட்டல் என்ற இரு சொற்களும் சேர்ந்து 'மோட்டல்' என்ற பெயர் பிறந்தது.

விடுதிக்காரர் தம் விடுதியின் படம் போட்டுக் கார்டு அச்சடிப்பார். தங்க வந்தவருக்கு இலவசமாகத் தருவார். அவர் அதில் எழுதித் தம் ஊருக்கு அனுப்புவார். செய்தியும் போய்ச் சேரும். விடுதிக்கு விளம்பரமும் ஆகும்.

படம் முழு உண்மையா?

சிகாகோவில் கர்ட் டைக் என்ற பெரிய அச்சகம் இருந்தது. 1930-களில் அது துணி போல் சொரசொரப்பான தாளில் கார்டு அச்சடித்தது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்திற்கு வண்ணம் ஏற்றினார்கள். வானத்தை நீலமாக்கினார்கள். படத்தில் இருந்த கம்பங்களையும் கம்பிகளையும் அழித்தார்கள்.

கார்டில் தெரியாத வேறொன்றும் உண்டு. பல விடுதிகளில் கறுப்பின மக்களுக்கு இடம் தர மறுத்தார்கள். கையில் பணம் இருந்தும் அவர்கள் இரவில் அலைந்தார்கள்.

விக்டர் கிரீன் என்பவர் ஒரு தபால்காரர். அவரும் கறுப்பினத்தவர். 1936-ல் அவர் ஒரு கையேடு வெளியிட்டார். கறுப்பின மக்களை ஏற்கும் விடுதிகளின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. அதைப் படித்தவர்கள் எங்கே தங்கலாம் என்று முன்பே தெரிந்துகொண்டார்கள். 1964-ல் சட்டம் வந்தது. நிறம் பார்த்து இடம் மறுப்பதை அது தடை செய்தது.

மெம்பிஸ் நகரின் லொரைன் மோட்டல் கறுப்பின மக்களை வரவேற்ற விடுதி. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். 1991-ல் அது அருங்காட்சியகம் ஆனது.

வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் தபால் முத்திரையைப் பாருங்கள். தேதி தெளிவாக இருந்தால் கார்டை அனுப்பிய நாள் தெரியும்.

தேதி அழிந்திருந்தால் தபால்தலையைப் பாருங்கள். 1928 முதல் 1951 வரை அங்கே கார்டுக்கு 1 சென்ட் கட்டணம். 1952-ல் அது 2 சென்ட் ஆனது.

முகவரியையும் பாருங்கள். நம் பின்கோடு போல அங்கே ஐந்து இலக்க எண் உண்டு. அது 1963-ல் வந்தது. அச்சிட்ட முகவரியில் அந்த எண் இருந்தால் கார்டு அதற்குப் பிந்தியது.

பாதுகாப்பது எப்படி?

கார்டைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. ஒட்டினால் பின்பக்கம் உள்ள எழுத்து போய்விடும். வெயிலிலும் ஈரத்திலும் வைக்கக் கூடாது. வெயிலில் நிறம் மங்கும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கார்டு மட்டும் மிஞ்சியது

1956-ல் புதிய அகலச் சாலைகளுக்குச் சட்டம் வந்தது. புதிய சாலைகள் சிற்றூர்களைத் தொடாமல் சென்றன. பழைய சாலையில் கார்கள் குறைந்தன. பல விடுதிகள் மூடின. 1985-ல் 66-ஆம் எண்ணையே பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இடிந்துபோன பல விடுதிகளுக்கு இன்று கார்டுதான் சாட்சி.

உங்கள் வீட்டிலும் பழைய கடிதம் இருக்கலாம். தூக்கிப் போடாதீர்கள். எடுத்துப் படியுங்கள்.

சிந்திப்போம்

1. விடுதிக்காரர் கார்டை ஏன் இலவசமாகத் தந்தார்?
2. விக்டர் கிரீனின் கையேடு யாருக்கு, எப்படி உதவியது?
3. உங்கள் வீட்டில் உள்ள பழைய கடிதத்தின் முத்திரையில் என்ன தேதி இருக்கிறது? எழுதுங்கள்.