இங்கிலாந்து ஆஸ்பத்திரி மீது புகாரா?

அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சிகிச்சையில் தவறு நடந்தால் எடுத்தவுடன், புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேனிடம் ஓடாதீர்கள். முதல் புகார் அந்த ஆஸ்பத்திரிக்கோ ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக்குக்கோதான். அவர்களின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், அந்தக் கடிதத்தோடு ஓம்புட்ஸ்மேனை அணுகலாம். பிரச்சினை தெரியவந்த 12 மாதங்களுக்குள் போய்விடுங்கள். ஆஸ்பத்திரி பதிலுக்குக் காத்திருந்தே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

ஓம்புட்ஸ்மேன் விசாரணையில் இரு தரப்பையும் கேட்பார்கள். மருத்துவப் பதிவேடுகளை வரவழைத்து, தேவைப்பட்டால் அதே துறை மருத்துவரிடம் கருத்துக் கேட்பார்கள். நடந்திருக்க வேண்டியது என்ன, நடந்தது என்ன, அந்த இடைவெளியால் நோயாளிக்கு என்ன பாதிப்பு என்பதுதான் அவர்கள் தேடுவது. அதனால் 'நர்ஸ் அலட்சியம்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'இரவு 11.20க்கு வலி மாத்திரை கேட்டோம், 2 மணிக்குத்தான் தந்தார்கள்' என்று எழுதுங்கள். இப்படி நேரத்தைக் குறித்துவைக்கக் கட்டிலருகே ஒரு சின்ன நோட்டு இருந்தால் போதும்.

புகார் உண்மையானால் மன்னிப்பு, நடைமுறை மாற்றம், சில சமயம் இழப்பீடு ஆகியவற்றைப் பரிந்துரைப்பார்கள். டாக்டரின் பதிவை ரத்து செய்ய மாட்டார்கள். அதற்கு மருத்துவக் கவுன்சில் தனியாக இருக்கிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு வேறு ஓம்புட்ஸ்மேன்கள்.

ஓம்புட்ஸ்மேனிடம் புகார் செய்ய ஒரு பென்னிகூடக் கட்டணம் இல்லை.